கல் சிங்கங்களும் காணாமல் போன தெருக்களும்

2004-ல் வந்த 'தி டே ஆஃப்டர் டுமாரோ' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டடம் நினைவிருக்கும். நியூயார்க் நகரமே வெள்ளத்திலும் பனியிலும் மூழ்கிவிட, சில மாணவர்கள் ஒரு பெரிய நூலகத்துக்குள் தஞ்சம் புகுவார்கள். குளிர் தாங்காமல் புத்தகங்களை எரித்து உயிர் பிழைப்பார்கள். 1984-ல் வந்த 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' படத்தின் முதல் காட்சியும் அதே நூலகம்தான். வாசலில் இரண்டு கல் சிங்கங்கள், உயரமான தூண்கள், அகலமான படிக்கட்டு. அதுதான் ஐந்தாவது அவென்யூவும் 42-வது தெருவும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் நியூயார்க் பொது நூலகம்.

அந்த நகரத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேராவது அந்தச் சிங்கத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் திரும்புவார்கள் போலிருக்கிறது. ஆனால் இந்த நூலகத்துக்கும் புகைப்படத்துக்கும் உள்ள உறவு அந்தப் படிக்கட்டோடு முடிவதில்லை. ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக இந்த நூலகம் தன்னைச் சுற்றியுள்ள தெருக்களின் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. எடுத்தபோது யாரும் பெரிதாக மதிக்காத படங்கள் அவை. இன்று அந்தத் தெருக்கள் பல இல்லை, படங்கள் மட்டும் இருக்கின்றன. அந்தக் கதையைப் பார்ப்போம்.

தண்ணீர் நின்ற இடத்தில் புத்தகம்

நூலகம் நிற்கும் இடத்தில் முன்பு இருந்தது ஒரு நீர்த்தேக்கம்! 1842-ல் கட்டப்பட்ட குரோட்டன் நீர்த்தேக்கம். நகரத்துக்குக் குடிநீர் வழங்கக் கட்டியது. சுவர் 50 அடி உயரம், 25 அடி கனம். பார்ப்பதற்கு எகிப்தியக் கோவில் மாதிரி இருக்கும். சுவரின் மேல் நடைபாதை இருந்ததால், மாலை நேரத்தில் மக்கள் அதன்மேல் உலாவப் போவார்கள். இது இப்படித்தான் இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவதற்குப் பழைய படங்களே காரணம். 1890-களின் இறுதியில் அதை இடிக்க ஆரம்பித்தார்கள்.

இடத்தை நகரம் கொடுத்தது. புத்தகமும் பணமும் எங்கிருந்து வந்தன? மூன்று பணக்காரர்களிடமிருந்து. ரோம வியாபாரத்திலும் நில வியாபாரத்திலும் சம்பாதித்த ஜான் ஜேக்கப் ஆஸ்டர் விட்டுச் சென்ற பணத்தில் ஒரு நூலகம் 1854-ல் திறக்கப்பட்டிருந்தது. ஜேம்ஸ் லெனாக்ஸ் என்பவர் அபூர்வ நூல்களைச் சேர்த்து இன்னொரு நூலகம் வைத்திருந்தார். நியூயார்க் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் சாமுவேல் டில்டன் 1886-ல் இறந்தபோது, நகரத்தில் இலவச நூலகம் அமைக்கப் பணம் எழுதி வைத்துவிட்டுப் போனார். உறவினர்கள் உயிலை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். கடைசியில் மிஞ்சியது சுமார் 24 லட்சம் டாலர். 1895 மே 23 அன்று இந்த மூன்றையும் ஒன்றாக இணைத்தார்கள். வணிகத்தில் மூன்று நிறுவனங்கள் ஒன்றாவதைப் போலத்தான். கட்டடத்தை நகராட்சி கட்டித் தரும், புத்தகங்களை அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு.

கரேர் அண்ட் ஹேஸ்டிங்ஸ் என்ற கட்டடக் கலைஞர்களின் வரைபடம் தேர்வானது. 1902-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1911 மே 23 அன்று ஜனாதிபதி டாஃப்ட் வந்து திறந்து வைத்தார். செலவு சுமார் 90 லட்சம் டாலர். திறந்த அன்றே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் அலமாரிகளில் இருந்தன. நீர்த்தேக்கத்தை இடிப்பதிலிருந்து பளிங்குக் கற்களை ஏற்றுவது வரை கட்டுமானத்தைப் படிப்படியாகப் படம் எடுத்திருக்கிறார்கள். வாசிப்பு அறைக்குக் கீழே ஏழு அடுக்காக எழுந்த இரும்பு அலமாரிகளின் படங்களும் உண்டு. புத்தகம் ஒன்றுகூட இல்லாமல் வெறும் எலும்புக்கூடாக நிற்கும் நூலகம் அது.

கிழக்குப் பார்த்த வாசல்

இந்தக் கட்டடத்தைப் படம் எடுக்க விரும்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வாசல் கிழக்குப் பக்கம் பார்த்தது என்பதுதான். காலை வெயிலில் வெண்பளிங்கு முகப்பு பளிச்சென்று இருக்கும். மதியத்துக்கு மேல் சூரியன் பின்னால் போய்விடுவதால் முகப்பு நிழலில் மங்கிவிடும். அகலமான முகப்பு முழுவதையும் ஒரே படத்தில் அடக்க வேண்டுமானால் ஐந்தாவது அவென்யூவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போக வேண்டும். அப்போது பேருந்துகளும் டாக்சிகளும் குறுக்கே வரும்.

சிங்கங்களைச் செதுக்க வடிவம் தந்தவர் எட்வர்ட் கிளார்க் பாட்டர். அவற்றுக்குப் பெயரும் உண்டு. 1930-களில் பொருளாதாரப் பெருமந்தம் நகரத்தை வாட்டியபோது, மேயர் லாகார்டியா அவற்றுக்குப் 'பொறுமை' என்றும் 'மன உறுதி' என்றும் பொருள்படும் பெயர்களை வைத்தார். அந்த நாட்களைக் கடக்க நகர மக்களுக்கு அந்த இரண்டு குணங்களும் வேண்டும் என்பது அவர் எண்ணம். தெற்கே இருப்பது பொறுமை, வடக்கே இருப்பது மன உறுதி.

மாடியில் உள்ள பெரிய வாசிப்பு அறையின் நீளம் 297 அடி, அகலம் 78 அடி, உயரம் 52 அடி. நடுவில் தூண் ஒன்றுகூட இல்லை. படமெடுப்பவர்களுக்கு இது கனவு. அமைதியாகப் படிக்க வந்தவர்களுக்கு அந்தப் படமெடுப்பவர்களே தொல்லை!

1911-ல் எடுத்த படங்களையும் பிற்காலப் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கட்டடம் அப்படியே இருக்கிறது, சுற்றுப்புறம் மாறிவிட்டது. திறந்தபோது அந்த வட்டாரத்தில் அதுதான் ராஜா. பக்கத்தில் பெரும்பாலும் நான்கு, ஐந்து மாடிக் கட்டடங்கள். 1930-ல் கிரைஸ்லர் கட்டடமும் 1931-ல் எம்பயர் ஸ்டேட் கட்டடமும் நடக்கிற தூரத்தில் எழுந்தன. இன்றைய படங்களில் நூலகம் உயரமான கட்டடங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிகிறது.

ஒரு தெரு, இரண்டு பக்கமும்

நூலகம் திறந்த அதே 1911-ல் ஒரு விசித்திரமான படப்புத்தகம் வெளிவந்தது. ஐந்தாவது அவென்யூவை வாஷிங்டன் சதுக்கத்தில் தொடங்கி 93-வது தெரு வரை, இரண்டு பக்கமும், கட்டடம் கட்டடமாகப் படம் எடுத்துத் தொகுத்திருந்தார்கள். எடுத்தவர் பர்ட்டன் வெல்ஸ். இன்று கணினியில் தெருக்களைச் சுற்றிப் பார்க்கிறோமே, அதற்குக் கிட்டத்தட்ட நூறு வருடம் முந்தைய முயற்சி அது.

புதிதாகத் திறந்த நூலகம் அதில் இருக்கிறது. ஆனால் இன்று அந்தப் புத்தகத்தை விரும்பிப் பார்ப்பவர்கள் தேடுவது நூலகத்தை அல்ல. நூலகம் அங்கேயே இருக்கிறதே! அவர்கள் தேடுவது மறைந்துபோனவற்றை. 34-வது தெருவில் இருந்த பழைய வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டல் 1929-ல் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில்தான் எம்பயர் ஸ்டேட் வந்தது. 57-வது தெருவில் இருந்த வாண்டர்பில்ட் குடும்பத்தின் அரண்மனை போன்ற வீடு 1920-களிலேயே போய், அங்கே ஜவுளிக்கடை வந்தது. கோடீஸ்வரர் வீட்டுக்கே அந்த நகரத்தில் ஐம்பது வருட ஆயுள்கூட இல்லை என்றால், சாதாரணத் தெருமுனைக் கடைக்கு என்ன உத்தரவாதம்?

படத்தின் முதுகில் எழுதியவர்

அந்தச் சாதாரணத் தெருமுனைகளைத் தேடிப் போனவர் பெர்சி லூமிஸ் ஸ்பெர். 1920-களின் பின்பாதியிலிருந்து 1940-களின் தொடக்கம் வரை நகரத்தின் மூலை முடுக்கெல்லாம் போய்ப் படம் எடுத்தார். நியூயார்க் பொது நூலகத்தில் 1870-கள் முதல் 1970-கள் வரையிலான நகரக் காட்சிகள் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. மொத்தம் 54,000 படங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஸ்பெர் எடுத்தவைதான்.

அவை அழகான படங்கள் என்று சொல்ல முடியாது. ஒரு மளிகைக்கடை, ஒரு காலி மனை, இடிக்கப்படப்போகும் ஒரு வீட்டு வரிசை, தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களில் ஓடும் ரயில் பாதை. கண்காட்சியில் வைத்தால் ஒரு நிமிடம்கூட யாரும் நிற்கமாட்டார்கள். ஆனால் படத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் அருமை தெரியும். எந்தத் தெரு, எந்தப் பக்கம், எந்தக் குறுக்குத் தெருவிலிருந்து எந்தத் திசை நோக்கி எடுத்தது, என்ன தேதி என்று தட்டச்சு செய்து ஒட்டியிருக்கும். சிலவற்றில், முன்பு அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதும் இருக்கும்.

விலாசம் இல்லாத பழைய படம் அழகாக இருக்கலாம், ஆனால் அதை வைத்து வரலாறு எழுத முடியாது. தேதியும் இடமும் தெரிந்த சாதாரணப் படம் ஓர் ஆவணம். ஸ்பெர் படம் எடுத்த காலத்தில்தான் அந்த உயர் ரயில் பாதைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நூலகத்தின் பின்பக்கம் ஓடிய ஆறாவது அவென்யூ பாதை 1938 டிசம்பரில் நின்று, அடுத்த ஆண்டு பிரித்தெடுக்கப்பட்டது. அந்தப் பாதைக்குக் கீழே பட்டப்பகலிலும் இருட்டாக இருந்த கடைவீதியை இன்று பார்க்க வேண்டுமானால் இப்படிப்பட்ட படங்கள்தான் வழி.

பாரிசிலிருந்து வந்த பாடம்

இதே வேலையைக் கலைக் கண்ணோடு செய்தவர் பெரெனிஸ் அபாட். பாரிசில் இருந்தபோது யூஜின் ஆட்ஜே என்ற வயதான புகைப்படக்காரரை அவருக்குத் தெரியும். ஆட்ஜே பழைய பாரிசின் தெருக்களையும் கடைகளையும் முப்பது வருடம் படம் எடுத்தவர். அவரிடம் படங்களை வாங்கியவர்களில் முக்கியமானவை நூலகங்களும் அருங்காட்சியகங்களும்தான். 1927-ல் ஆட்ஜே இறந்ததும், அவர் விட்டுச் சென்ற படங்களில் ஒரு பெரும் பகுதியை அபாட் வாங்கிக் காப்பாற்றினார்.

1929-ல் நியூயார்க் திரும்பிய அபாட், நகரம் தலைகீழாக மாறிக்கொண்டிருப்பதைக் கண்டார். ஆட்ஜே பாரிசுக்குச் செய்ததைத் தான் நியூயார்க்குக்குச் செய்ய நினைத்தார். பெருமந்தக் காலம். பணம் இல்லை. 1935-ல்தான் வேலையில்லாக் கலைஞர்களுக்காக மத்திய அரசு ஆரம்பித்த திட்டத்தில் சம்பளம் கிடைத்தது. 'மாறும் நியூயார்க்' என்ற பெயரில் 305 படங்கள் கொண்ட தொகுப்பு உருவானது. 1939-ல் அதிலிருந்து 97 படங்கள் புத்தகமாகவும் வந்தன. இந்தப் படங்களும் நூலகத்தில் இருக்கின்றன. வேலை இல்லாதவர்களுக்கு நிவாரணமாகக் கொடுத்த சம்பளம் இன்று அந்த நகரத்தின் சொத்தாக நிற்கிறது.

அதே காலத்தில் வரி வசூலிப்பவர்களும் காமிராவைத் தூக்கினார்கள். சொத்து வரி மதிப்பீட்டுக்காக 1939 முதல் 1941 வரை நகரத்தின் ஒவ்வொரு கட்டடத்தையும் படம் எடுத்தார்கள். ஏழு லட்சத்துக்கும் மேல்! கட்டடத்துக்கு முன்னால் வட்ட எண்ணும் மனை எண்ணும் எழுதிய ஒரு பலகையை வைத்து எடுத்திருப்பார்கள். நகராட்சி ஆவணக் காப்பகம் 2018-ல் இவற்றை இணையத்தில் ஏற்றியது. தாத்தா வாழ்ந்த வீட்டை அதில் தேடிக் கண்டுபிடித்தவர்கள் ஏராளம். வரிக்கணக்குக்காக எடுத்த படம், குடும்பப் படமாகிவிட்டது.

ஒரு கோடி ரூபாய் கேள்வி: எங்கே வைப்பது?

படம் எடுப்பது பாதி வேலை. கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பதுதான் மீதி. இதில் பெயர் பெற்றவர் ரோமானா ஜாவிட்ஸ். 1929 முதல் 1968 வரை நூலகத்தின் படத்தொகுப்புப் பிரிவுக்குத் தலைவி. இந்தப் பிரிவு 1915-லேயே தொடங்கியது. பத்திரிகைகளிலும் பழைய புத்தகங்களிலும் இருந்து வெட்டிய படங்கள், அஞ்சலட்டைகள், புகைப்படங்கள் என்று எல்லாவற்றையும் தலைப்பு வாரியாகப் பிரித்து உறையில் போட்டு வைப்பார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள். யார் வேண்டுமானாலும் போய் உறையைப் பிரித்துப் பார்க்கலாம், வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். ஓவியர்கள், விளம்பர நிறுவனங்கள், நாடக உடை தைப்பவர்கள் எல்லோரும் வருவார்கள். ஆண்டி வார்ஹோலும் வந்தவர்தான்.

ஜாவிட்ஸ் படத்தைக் கலைப்பொருளாக மட்டும் பார்க்கவில்லை. அது ஒரு தகவல் என்று நினைத்தார். கிராமப்புற வறுமையைப் பதிவு செய்த மத்திய அரசுத் திட்டத்தின் தலைவர் ராய் ஸ்டிரைக்கர், அந்தப் படங்கள் அரசியல் காரணங்களால் அழிக்கப்படலாம் என்று பயந்து பல்லாயிரக்கணக்கான பிரதிகளை ஜாவிட்சிடம்தான் அனுப்பி வைத்தார். ஒரு நூலகத்தின் மேல் இருந்த நம்பிக்கையைப் பாருங்கள்.

இந்தத் திறந்த அலமாரிக்கே ஒரு முறை ஆபத்து வந்தது. 2021-ல் இந்தப் படத்தொகுப்பைப் பொதுமக்கள் நேரடியாகப் புரட்டிப் பார்க்க முடியாதபடி உள்ளே காப்பகத்துக்கு மாற்ற நூலகம் திட்டமிட்டது. கலைஞர்களும் வாசகர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

கார்ட்லாண்ட் தெருவின் மூன்று முகங்கள்

இதெல்லாம் எதற்கு, பழைய தெருப் படத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு தெரு போதும். மன்ஹாட்டனின் தென்கோடியில் உள்ள கார்ட்லாண்ட் தெரு.

1936 ஏப்ரலில் அபாட் அங்கே ஒரு கடையைப் படம் எடுத்தார். வானொலிப் பெட்டிகள் விற்கும் கடை. அந்த வட்டாரம் முழுக்க ரேடியோவும் உதிரி பாகமும் விற்கும் சிறு கடைகள். 'ரேடியோ வரிசை' என்றே அதற்குப் பெயர். உலக வர்த்தக மையம் கட்டுவதற்காக அந்த வட்டாரத்தைக் கையகப்படுத்த முடிவானது. கடைக்காரர்கள் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். எத்தனை வருடமாகக் கடை நடத்தியவராக இருந்தாலும் ஒரே தொகை, மூவாயிரம் டாலர்தான் இழப்பீடு. கணக்குப் பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. பல வருடம் ஒரே இடத்தில் நாணயமாக வியாபாரம் செய்தால் வருவது. அந்த நற்பெயருக்கு அங்கே சல்லிக்காசு கிடைக்கவில்லை. 1966-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். 1973-ல் இரட்டைக் கோபுரங்கள் முறைப்படி திறக்கப்பட்டன.

1999-ல் டிலன் ஸ்டோன் என்ற கலைஞர் ஒரு காரியம் செய்தார். மன்ஹாட்டனில் கெனால் தெருவுக்குத் தெற்கே உள்ள ஒவ்வொரு தெருவையும் கால்நடையாகப் போய்ப் படம் எடுத்தார். சுமார் 26,000 படங்கள். மருந்துக்கடையில் கொடுத்துப் பிரிண்ட் போட்ட சாதாரணப் படங்கள். தொகுப்புக்குப் பெயரே 'மருந்துக்கடைப் புகைப்படங்கள்' என்றுதான் தொடங்கும். அதுவும் இதே நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டே வருடம். 2001 செப்டம்பர் 11 அன்று கோபுரங்கள் விழுந்தன. யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரணத் தெருப் படங்கள், ஒரே நாளில் இல்லாமல் போன இடத்தின் சாட்சியாகிவிட்டன.

ரேடியோ வரிசை போனதற்கு அபாட் சாட்சி. அதை அகற்றி வந்த கோபுரங்களுக்கு ஸ்டோன் சாட்சி. இரண்டும் இருப்பது ஒரே நூலகத்தில்.

ஒரு குறையும் இருக்கிறது. இந்தப் படங்களின் பின்னால் தெருவின் பெயர் உண்டு, மனை எண் உண்டு. நடைபாதையில் நிற்கும் மனிதரின் பெயர் இல்லை. கடை வாசலில் கையைக் கட்டி நிற்பவர் முதலாளியா, வேலையாளா, அடுத்த வருடம் எங்கே போனார் என்று படம் சொல்லாது. கட்டடங்களுக்குக் கிடைத்த கவனம் மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை.

தேய்மானம் இல்லாத சொத்து

2015-ல் ஸ்பெர் முதலானோர் எடுத்த பழைய படங்களை நகர வரைபடத்தின் மேல் வைத்து ஒரு இணையதளம் வந்தது. வரைபடத்தில் ஒரு தெருமுனையைத் தொட்டால் அந்த முனையின் பழைய படம் வரும். இது எப்படிச் சாத்தியமானது? ஸ்பெர் எண்பது வருடத்துக்கு முன்னால் படத்தின் முதுகில் தெருவும் குறுக்குத் தெருவும் எழுதி வைத்ததால்! 2016 ஜனவரியில் நூலகம் காப்புரிமை இல்லாத ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை யாரும் அனுமதி கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது.

எந்தச் சொத்துக்கும் வருடா வருடம் தேய்மானம் எழுதுவார்கள். இயந்திரம், மேசை, வண்டி எல்லாம் பத்து வருடத்தில் கணக்கில் ஒன்றுமில்லாமல் போகும். தெருப் படம் நேர்மாறு. எடுத்த அன்று அதற்கு மதிப்பே இல்லை. எதிரே போனால் அந்தத் தெருவையே பார்க்கலாமே! தெரு மாற மாறப் படத்தின் மதிப்பு ஏறுகிறது. ஆனால் அந்த மதிப்பு ஏறும்வரை யாராவது ஒருவர் இடம் கொடுத்து, உறையில் போட்டு, பெயர் எழுதிக் காத்திருக்க வேண்டும். லாபம் பார்க்கும் எந்த நிறுவனமும் அறுபது வருடம் காத்திருக்காது. பொது நூலகம் காத்திருக்கும்.

அந்த நூலகத்துக்குப் போகிறவர்கள் சிங்கத்தைத் தாராளமாகப் படம் எடுக்கட்டும். அது அழகுதான். எடுத்து முடித்த பிறகு, சிங்கத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, எதிரே தெரியும் சாதாரணத் தெருவையும் ஒரு படம் எடுக்கலாம். எடுத்த தேதியையும் தெருவின் பெயரையும் மறக்காமல் எழுதி வைக்க வேண்டும். ஐம்பது வருடம் கழித்து எவரேனும் தேடப்போவது அந்தப் படத்தைத்தான்.